ஒரு வாஷர் மிச்சம்

ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில்
இரண்டு பேரிங்குகள் இரவெல்லாம் உறைந்தன.
சத்துவாச்சாரி வெயில் ஏறுமுன்
அடுப்பில் தோசைக்கல், கல்லின் மேல்
கிராங்க் கேஸின் வலது பாதி.
தெளித்த நீர் சுரீரென்று உருண்டால் போதும் என்றிருந்தார்
லேத்துக்கார தஸ்தகீர்.
தோசைக்குப் பார்க்கும் அதே பதம்.

சுத்தியல் இல்லாமல்
டொக்கென்று உட்கார்ந்தது பேரிங்.
தாவீது எழுந்து வந்து நின்றான்:
"இன்னைக்கு டிபன்?"
"கல்லு ஆறட்டும்."

எண்பத்து மூன்றாம் வருட யெஸ்டி.
ராணிப்பேட்டையில் மூடிய தோல் கிடங்கின் பின்னால்
கருவேல முள்ளுக்குள் கிடந்ததை
ஏலச்சீட்டு எடுத்து வாங்கினேன்.
சிலிண்டரோடு பிஸ்டன் ஒட்டிப்போயிருந்தது.
டீசல் ஊற்றி ஒன்பது நாள்.
பத்தாம் நாள் மரக்கட்டை வைத்துத் தட்டியதில்
ஒரு மயிரிழை நகர்ந்தது.
அன்று ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்தேன்,
ஒருவரையும் இரண்டாம் முறை குத்தவில்லை.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில் என்று
எங்கள் ஊருக்கு ஒரு பழைய கேலி உண்டு.
கீழ்வீட்டு மாசிலாமணி இன்னொன்றைச் சேர்த்தார்:
இன்ஜின் இல்லாத வண்டி.
ஏழு மாதமாக மாடிப்படிக்குக் கீழே
எலும்பாக நின்ற சட்டகத்தை
வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.
கோயிலுக்குச் சாமி எண்பத்தொன்றிலேயே வந்துடுச்சே அண்ணே,
நம்ம சத்துவாச்சாரியிலிருந்துதானே போச்சு என்றேன்.
அவர் தண்ணீர் மோட்டார் பில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பிஸ்டன் மாட்டும்போது
வெட்டிய நகத்துணுக்குப் போன்ற சர்க்ளிப்
இடுக்கியிலிருந்து துள்ளியது.
தரையில் சத்தம் கேட்கவில்லை.
தரையில் சத்தம் கேட்காவிட்டால்
எங்கே போயிருக்கும் என்று
இன்ஜின் பிரித்தவர்களுக்குத் தெரியும்.
துணியால் அடைத்திருக்க வேண்டிய வாய் அது.
என் வாயும் திறந்துதான் இருந்தது.
வந்த வார்த்தை காதில் விழாத மாதிரி
தாவீது டம்ளர் கழுவினான்.
பிறகு வந்து செல்போன் விளக்கைப் பிடித்தான்.

ஃபோர்செப்ஸ் நுனியில் கொஞ்சம் கிரீஸ்.
கிராங்கைச் சற்றே சுற்று. நிறுத்து.
மெலிந்த கையில் நரம்பு தேடுகிற மாதிரி
கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.
ஒன்றேகால் மணி நேரம்.
கிடைத்ததும் குப்பையில் போட்டேன்.
"இதுக்கா இவ்வளவு?" என்றான்.
விழுந்த கிளிப்பை மறுபடி மாட்டக்கூடாது.
உள்ளே இல்லை என்று தெரிந்தால் போதும்.

ஞாயிறு சாயங்காலம்
பழைய போர்வையில் தொட்டில் கட்டி
ஆளுக்கொரு முனையாக இறக்கினோம்.
படியில் ஒதுங்கி நின்ற மாசிலாமணி
என்ன நினைத்தாரோ, அடியில் ஒரு கை கொடுத்தார்.

மூன்று துளையில் இரண்டு சேர்ந்தன.
மூன்றாவது முறைத்துக்கொண்டு நின்றது.
"கொஞ்சம் தூக்கு."
"தூக்கித்தான் இருக்கேன்."
"உன் பக்கம்."
"இதுதான் என் பக்கம்."
பதினோரு வருஷக் குடித்தனத்தில் விட்டுப்போன சண்டையெல்லாம்
அந்தத் துளை வழியாக வந்து போயிற்று.
மாசிலாமணி கடப்பாரையால் ஒரு நெம்பு.
போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

இந்த வண்டியில் உதைக்கவும் கியர் போடவும் ஒரே கம்பி.
உதைத்தேன்.
பெட்ரோல் திறந்திருக்கிறதா என்று மூன்று பேரும் பார்த்தோம்.
உதைத்தேன்.
இருபத்திரண்டில் தும்மியது.
முப்பத்தொன்றில்
தெருவே நீலப் புகை,
கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு
மாசிலாமணியின் மனைவி உள்ளே ஓடினார்.
"நிறுத்தும்மா, நிறுத்து!"

நிறுத்தினேன்.
சைலன்சர்கள் இரண்டும் டிக் டிக்கென்று ஆறின.
யாரும் நகரவில்லை.
"இன்னொரு தரம்" என்றார் மாசிலாமணி,
வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு.

ராத்திரி மேலே வந்தால்
செய்தித்தாளின் மேல் ஒரு வாஷர்.
ஐம்பது பைசா அகலம்.
எங்கிருந்து கழன்றதென்று எந்தப் படத்திலும் இல்லை.

ரத்தக் குப்பி ஒன்றில் போட்டு மூடினேன்.
லேபிளில் தேதி எழுதினேன்.
பெயர் எழுதும் இடத்தை விட்டுவைத்தேன்.